ப்ளைவுட் பலகைக்கு இடமில்லாத பிக்கப்

அமெரிக்காவில் ப்ளைவுட் பலகை இன்றும் 4 அடிக்கு 8 அடிதான். அதைச் சுமக்க வேண்டிய பிக்கப்தான் குட்டையாகிவிட்டது. ஃபோர்டின் எஃப்-சீரிஸ் பிக்கப்களில் ஒரு காலத்தில் ஒற்றை வரிசை சீட், பின்னால் சரக்கு ஏற்ற 8 அடித் தொட்டி என்பதே சாதாரணம். 2001 மாடலில் நாலு கதவு சூப்பர்க்ரூ வந்தது; தொட்டி ஐந்தரை அடி. வண்டி நீளம் குறைந்ததா என்றால் அதுவும் இல்லை, இடத்தையெல்லாம் பின்சீட் தின்றுவிட்டது.

பலகையை ஏற்றினால் இரண்டரை அடி வெளியே நிற்கும். பின்கதவைத் திறந்து தாங்கினால் சுமார் 2 அடி கிடைக்கும், மீதி அரையடி தொங்கும். வெளியே நிற்கும் பகுதியின் எடை கதவைத் தாங்கும் கேபிள்மேல். முன்பக்கம் ஸ்ட்ராப் போட்டு இறுக்காவிட்டால் ஒரு பள்ளத்தில் விழுந்ததும் பலகை பின்னுக்கு வழுக்கும்.

ஃபோர்டின் சின்ன பிக்கப்பான மேவரிக்கில் தொட்டி நாலரை அடிதான். தொட்டிக்குள் இருபுறமும் துருத்தும் சக்கர மேடுகளுக்கு நடுவே 4 அடிகூட இல்லை. பலகையை மேடுமேல்தான் படுக்கவைக்க வேண்டும், பின்கதவைப் பாதியில் நிறுத்தி முட்டுக்கொடுத்து. பெரிய வண்டிகளிலோ தொட்டிச் சுவர் நெஞ்சுயரம், உள்ளே கிடக்கும் சுத்தியலை எடுக்க ஏணிப்படி வேண்டும். அந்தப் படியையும் கூடுதல் காசுக்கு விற்கிறார்கள்!