ரயிலில் இருந்து மட்டும் படை நடக்கவில்லை
ரஷ்யப் புரட்சிக்குப் பின் வந்த உள்நாட்டுப் போரில், போர்த்துறைத் தலைவர் டிராட்ஸ்கி ஒருவரே கவச ரயிலில் சுற்றிக்கொண்டே போல்ஷெவிக் கட்சியின் செம்படையை நடத்தினார் என்கிறது ஒரு கட்டுரை. ரயில் உண்மைதான், அதற்குள் அச்சகம், வானொலி, கார்கள் எல்லாம் இருந்தன. ஆனால் களத்தில் படை நகர்த்தும் வேலை தலைமைத் தளபதியுடையது. 1918 செப்டம்பரில் அந்தப் பொறுப்புக்கு வந்த வாட்செட்டிஸ் ஜார் படையின் பழைய கர்னல். அவருக்குப் பின் 1919 ஜூலையில் வந்த செர்கே காமனெவும் அப்படியே (டிராட்ஸ்கியின் தங்கை கணவரான லெவ் காமனெவ் வேறு ஆள், பலர் குழப்பிக்கொள்கிறார்கள்). அந்த மாற்றமே டிராட்ஸ்கி விரும்பாதது. கிழக்கே முன்னேறுவதை யூரல் மலையோடு நிறுத்தலாம் என்ற வாட்செட்டிஸ் பக்கம் அவர் நின்றார்; போல்ஷெவிக்குகளை எதிர்த்த வெள்ளைப் படையின் தலைவர் கோல்சாக்கை விடாமல் துரத்த வேண்டும் என்றார் காமனெவ். கட்சித் தலைமை காமனெவ் பக்கம் சாய்ந்தது. டிராட்ஸ்கி ராஜினாமா செய்ய முன்வந்தும் ஏற்கவில்லை. தனி ஆளாகப் படை நடத்தியவருக்கு இப்படியா நடக்கும்? அப்புறம், ஜார் காலத்து அதிகாரிகளை எப்படி நம்பினார்கள் என்று ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். முழுதாக நம்பவே இல்லை. தளபதி எழுதும் கட்டளைத்தாளில் கமிசாரின் (படையைக் கண்காணிக்கக் கட்சி வைத்த ஆள்) கையெழுத்தும் விழ வேண்டும், இல்லாவிட்டால் அது செல்லாது. எதிரிப் பக்கம் ஓடினால் குடும்பத்தைப் பிடிப்போம் என்ற மிரட்டலும் இருந்தது. பதவி போன வாட்செட்டிஸையே கைது செய்து, பிறகு விடுவித்து, ராணுவக் கல்லூரியில் பாடம் நடத்த வைத்தார்கள்.