கட்டைவிரலுக்கு ஏன் இத்தனை கோபம்?

வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் எமோஜி போட்டால் திமிராம். இருபது வயதுப் பிள்ளைகள் சொல்கிறார்கள். எங்கள் வயதுக்காரர்களுக்கு அது "பார்த்துட்டேன், ஆகட்டும்", அவ்வளவுதான். பத்தி பத்தியாக எழுதிய செய்திக்கு அப்பா ஒற்றை விரலைக் காட்டிவிட்டார் என்று அண்ணன் மகள் என்னிடம் பஞ்சாயத்துக்கு வந்தாள். "அவர் நேர்லயும் அப்படித்தானேம்மா, தலையாட்டுறதோட சரி" என்றேன். "போங்க சித்தப்பா" என்று போய்விட்டாள்.

இந்த விரல் சென்னை உயர் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 2018-ல் மேகாலயாவில் ரயில்வே பாதுகாப்புப் படை அதிகாரி ஒருவர் கொல்லப்பட்டார். குழுவில் வந்த அந்தச் செய்திக்குக் கட்டைவிரல் போட்ட காவலருக்கு வேலை போனது. அது கொண்டாட்டம் அல்ல, செய்தியைப் பார்த்ததற்கான அடையாளம்தான் என்று சொல்லி, அவரை மீண்டும் பணியில் சேர்க்கச் சொன்ன உத்தரவை 2024-ல் நீதிபதிகள் உறுதி செய்தார்கள். சாவுச் செய்திக்கு நான் விரல் போட மாட்டேன். அதற்காக ஒருவரின் சோற்றில் கைவைப்பதா?

கனடாவில் கதை தலைகீழ். ஆளி விதை ஒப்பந்தத்தைப் படமெடுத்து அனுப்பியவருக்கு விவசாயி கட்டைவிரல் போட்டார். "கிடைத்தது என்றுதான் போட்டேன்" என்றார். 2023-ல் நீதிபதி ஏற்கவில்லை, விரலே கையெழுத்து என்று சொல்லிவிட்டார். சரக்கை அனுப்பாததற்குச் சுமார் 82,000 டாலர் நஷ்டஈடு! முன்பெல்லாம் "ஓகே" என்று ஒற்றைச் சொல்லில் பதில் போட்டுச் சரக்கை ஒழுங்காக அனுப்பியவர்தானே இவர் என்று பழைய வரலாற்றைப் பார்த்தார்கள்.

ஆக, யார் யாருக்குப் போட்டது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தமிழில் நாம் அதைச் சொல்லாமல் விடுவதே இல்லை. ஆங்கில எழுத்தில் அவசரமாகத் தட்டினாலும் டா, டி, பா, ங்க ஒட்டிக்கொண்டு வந்துவிடும். "ஓகேடா" என்றால் தோளில் கை, "ஓகேங்க" என்றால் கொஞ்சம் தள்ளி நிற்கிறோம். வெறும் "ஓகே" வந்தால் என்ன கோபமோ என்று யோசிப்போம். விரலில் இந்த ஒட்டு எதுவும் கிடையாது. பிள்ளைகளுக்கு உறுத்துவது அதுதான் என்று நினைக்கிறேன், நியாயமும் இருக்கிறது.

ஆனால் எனக்கு அதனாலேயே அது பிடித்திருக்கிறது. கூடப் படித்தவன் இன்று பெரிய அதிகாரி. "சரிடா" என்றால் அவர் என்ன நினைப்பாரோ, "சரிங்க" என்றால் அவன் என்ன நினைப்பானோ. விரலைப் போட்டுவிட்டு என் வேலையைப் பார்க்கிறேன்.