சுங்கை சிப்புட்டில் வேலி போட்டது யார்?

"சீனன் சீனனோடதான் இருப்பான், நம்மாளு நம்மாளோடதான். அது இயல்பு." ஒட்டுக்கடையில் ஒருவர் இப்படிச் சொல்ல, சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் உட்கார்ந்துகொண்டு பேசுகிற பேச்சா இது?

1948 ஜூன் 16, இந்த ஊர்த் தோட்டங்களில்தான் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்களைச் சுட்டுக் கொன்றார்கள். அதை வைத்துத்தான் ஆங்கிலேய அரசு கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக அவசரகாலத்தையே கொண்டுவந்தது. 1950-இல் ஆங்கிலேய அதிகாரி பிரிக்ஸ் போட்ட திட்டம். காட்டோரம் காய்கறி போட்டுப் பிழைத்த சீனர்கள் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி கொடுக்கிறார்கள் என்று சந்தேகம். லாரியில் ஏற்றி, முள்வேலி போட்ட புதுக்கிராமங்களுக்குள் கொண்டுபோய் விட்டார்கள். நாடு முழுக்க ஏறக்குறைய 5 லட்சம் பேர். புதுக்கிராமத்துத் தெருக்கள் ஏன் அப்படி நேர்கோடாக, வீடுகள் நெருக்கியடித்து இருக்கின்றன என்று நினைக்கிறீர்கள்? காவலுக்கு வசதியாகப் போட்ட கோடு அது.

தோட்டத்தில் இருந்த நம்மவர்களும் தப்பவில்லை. இது பலருக்குத் தெரியாது. சிதறிக் கிடந்த லயங்களை, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளை, பிரித்து, ஓரிடத்தில் கூட்டி, வேலி போட்டார்கள். பால்மரம் (ரப்பர்) சீவப் போகிறவர்களைக் கேட்டில் நிறுத்தித் தடவிச் சோதிப்பார்கள் என்று எங்கள் பாட்டி சொல்வார். சார்டின் வாங்கினால் கடைக்காரர் டின்னில் ஓட்டை போட்டுத்தான் கையில் கொடுப்பாராம். அன்றைக்கே தின்று தீர்க்கணும், காட்டுக்குப் போய்விடக் கூடாது.

1960-இல் அவசரகாலம் முடிந்தது, வேலியும் போனது. ஆனால் பள்ளி, கோயில், கடை எல்லாம் அதற்குள்ளேயே வேர் விட்டிருந்தன. இனத்துக்கொரு கட்சி வைத்திருந்தவர்களுக்கு இது ரொம்ப வசதி. தோட்டமா, இந்தியர் கட்சியான ம.இ.கா. கிளை, புதுக்கிராமமா, சீனர் கட்சியான ம.சீ.ச. கிளை. இந்தத் தொகுதி எம்.பி.யாக இருந்த ம.இ.கா. தலைவர் துன் சம்பந்தன் காலத்திலும் அப்படித்தான், 1974-இல் வந்த சாமிவேலு காலத்திலும் அப்படித்தான். 2008-இல் எதிர்க்கட்சியின் டாக்டர் ஜெயக்குமார் அவரைத் தோற்கடித்தாரே, ஓட்டு இனம் தாண்டி விழாமல் அது நடந்திருக்குமா? ஆனால் யாரும் வீடு மாறவில்லை.

இப்போது தோட்டத்தை விற்றுத் தாமான் (குடியிருப்பு) கட்டுகிறார்கள். லயத்தைக் காலி செய்கிறவர்களை மொத்தமாக எங்கேயோ ஒரு மூலையில் மலிவுவிலை வீட்டில் தள்ளிவிட்டு, இதையும் இயல்பு என்பார்கள்.

அடுத்த தேர்தலில் வேட்பாளர் மாலையோடு வரட்டும். கோயில் மானியத்தை அப்புறம் பேசலாம்; மாற்று வீடு எந்த இடத்தில், பஸ் வருமா, பக்கத்து வீட்டில் யார் இருப்பார் என்று கேட்கப் போகிறேன். எதிர்க்கட்சி ஆள் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.