கலப்பையைத் தேடிப் போனவர்கள்

செத்தவர்கள் நடைபிணங்களாக எழுந்து உலகத்தை அழித்த பிறகு, தப்பியவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று சொல்லும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ‘தி வாக்கிங் டெட்’. அதை மறுபடியும் முதலிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். மொத்தம் 177 அத்தியாயங்கள். “வயல் வேலை வரும் இடங்களையெல்லாம் ஓட்டிவிடு, சீக்கிரம் முடியும்” என்றார் ஒரு நண்பர். சுருக்கென்றது. நான் பார்ப்பதே அந்த வயல் வேலைக்காகத்தான்.

நான்காம் சீசன் தொடங்கும் காட்சி நினைவிருக்கிறதா? தப்பியவர்கள் தஞ்சம் புகுந்த சிறைச்சாலை வளாகத்தில் நாயகன் ரிக் மண்ணைக் கொத்திக்கொண்டிருக்கிறான், காதில் பாட்டு. மண்ணுக்குள் ஒரு கைத்துப்பாக்கி அகப்படுகிறது. இயர்போனைக் கழற்றுகிறான், வேலிக்கு அப்பால் நடைபிணங்களின் உறுமல். மறுபடியும் காதில் மாட்டிக்கொண்டு வேலையைத் தொடர்கிறான். ஒரு வசனம் கிடையாது. இத்தனைக்கும் அந்த வேலி நிற்கப்போவதில்லை. ‘கவர்னர்’ என்ற பெயரில் திரியும் வில்லன் டாங்கியோடு வந்து எல்லாவற்றையும் தரைமட்டமாக்குகிறான்.

ஏழு, எட்டாம் சீசன்களில் நேகன் என்ற வில்லனோடு நடக்கும் சண்டை எனக்கு அலுப்பு. சுட்டுக்கொண்டே இருக்கிறார்கள், தோட்டா தீர்வதே இல்லை. (உலகம் அழிந்தும் புல்தரைகள் மட்டும் ஒட்ட வெட்டியபடி இருக்கும் அதிசயத்தை யாராவது விளக்கினால் நல்லது.)

2018-இல் வந்த ஒன்பதாம் சீசனில்தான் தொடருக்கு உயிர் திரும்பியது. போர் முடிந்துவிட்டது, இனிச் சாப்பிட வேண்டும். எல்லோரும் வாஷிங்டன் அருங்காட்சியகத்துக்குப் போகிறார்கள். எதற்கு? கண்ணாடிப் பெட்டிகளுக்கு நடுவே வேடிக்கைப் பொருளாக நின்ற பழைய கலப்பைக்கும், கூண்டு வண்டிக்கும், கொஞ்சம் விதைகளுக்கும். அவற்றைக் கண்ணாடித் தரையின் மேல் நகர்த்திக் கொண்டுவர வேண்டும். கீழே நடைபிணங்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கின்றன. தரையில் விரிசல் ஓடும்போது நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். இரண்டாம் முறை பார்க்கும்போதும்!

திரும்பும் வழியில் கென் என்ற இளைஞன் இறந்துபோகிறான். தப்பியவர்களின் குடியிருப்புகளில் ஒன்றான ஹில்டாப்பின் கொல்லர் ஏர்லின் மகன் அவன். துக்கத்தில் இருந்த ஏர்லுக்குக் குடிக்கக் கொடுத்துத் தூண்டிவிடுகிறான் ஹில்டாப்பின் பழைய தலைவன் கிரிகரி; ஏர்ல் இப்போதைய தலைவி மேகியைக் கொல்லப் பாய்கிறார். அன்றிரவே மேகி கிரிகரியைத் தூக்கிலிடுகிறாள். கூச்சலில் விழித்த குழந்தைகள் வந்து நிற்கிறார்கள், பார்த்துவிடுகிறார்கள்.

இங்கேதான் மற்ற ஜாம்பிக் கதைகள் தொடாத இடத்தைத் தொடர் தொடுகிறது. யாரைத் தண்டிக்கலாம், அதை யார் முடிவு செய்வது? எல்லாச் சமூகங்களுக்கும் பொதுவாக ஒரு சாசனம் வேண்டும் என்கிறாள் ரிக்கின் துணைவி மிஷோன். அது கையெழுத்தாகச் சீசன் கடைசிவரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் திருவிழா நாளில். அதே நாளில் எதிரிக் கூட்டத்தின் தலைவி ஆல்ஃபா பத்துப் பேரின் தலைகளைக் கம்புகளில் நட்டுவைக்கிறாள். எல்லோரும் பேசுவது அந்தப் பத்துத் தலைகளைப் பற்றித்தான். சாசனத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை.

எனக்கு மறக்காதது வேறொன்று. கொண்டுவந்த கலப்பை உடைந்துவிடுகிறது. அதைச் சரிசெய்யத் தெரிந்த கொல்லரோ சிறையில். அவரைக் காவலோடு வெளியே விடச் சம்மதிக்கிறாள் மேகி. தன் மகனைப் பலிகொண்ட பயணத்தில் வந்த கலப்பையை ஏர்ல் பழுதுபார்க்கப் போகிறார்.

நண்பர் ஓட்டிவிட்டுப் பார்க்கச் சொன்ன அத்தியாயங்களில் இதுவும் ஒன்று.