வளைகாப்பில் இன்சூரன்ஸ் பேசியது அபசகுனமாம்

போன சனிக்கிழமை இங்கே அமெரிக்காவில், நியூ ஜெர்சி எடிசன் ஊரில் ஒரு வளைகாப்பில் நடந்தது இதைப் படிக்கிறவர்களில் பாதிப்பேருக்குத் தெரியும். மீதிப்பேர் காதுக்கு வேறு மாதிரி போயிருக்கும். அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

மெடிக்கல் இன்சூரன்ஸைப் பற்றி நான் சொன்னது இவ்வளவுதான்: "உங்க அப்பா இன்சூரன்ஸ் உனக்குத்தான்மா. உன் குழந்தைக்குக் கிடைக்காது. இப்பவே கேட்டு வச்சுக்கோ."

நானாகப் போய்ச் சொல்லவில்லை. அந்தப் பெண்தான் கேட்டாள். இரண்டு கை நிறைய கண்ணாடி வளையல், கன்னத்தில் காயாத சந்தனம். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ஆன்ட்டி, நான் இன்னும் அப்பா இன்சூரன்ஸ்லதான் இருக்கேன், பாப்பாவும் அதுலயே வந்துடும்ல?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் நம் எல்லோருக்கும் எல்லாவற்றுக்கும் ஆலோசனை சொல்லும் அண்ணன் ஒருவர், "முதல் 30 நாள் ஆட்டோமேட்டிக்மா, கவலையே படாதே" என்று முடித்துவிட்டார். அப்படி இல்லை என்று நான் சொன்னேன். என் பேத்தி என்.ஐ.சி.யு.வில், அதாவது பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில், கிடந்ததைச் சொன்னேன். அப்போதுதான் வந்தது: "நல்ல நாள்ல எதுக்குக்கா இந்தப் பேச்சு? அபசகுனமா."

சரி. அபசகுனம் என்ன என்று நான் சொல்கிறேன்.

2024-இல் என் மகளுக்குப் பிரசவம். அவளுக்கு 24 வயது, முதுகலைப் படிப்பு. மாப்பிள்ளைக்குக் கான்ட்ராக்ட் வேலை, அதில் இன்சூரன்ஸ் கிடையாது. மகள் என் கணவரின் ஆபீஸ் இன்சூரன்ஸில் டிபென்டென்ட், அதாவது அவர் பேரில் சேர்ந்திருப்பவள். தலைப்பிரசவம் தாய்வீட்டுச் செலவு என்று வளர்ந்தவள் நான். என் பிரசவத்துக்கு என் அம்மா வளையலை அடகு வைத்தார். என் மகளுக்கு அந்த நிலைமை இல்லை, கையில் கார்டு இருக்கிறது என்று எனக்கு ஒரு நிம்மதி, பெருமைகூட. குழந்தை பிறந்ததும் மூச்சுத்திணறல், கூடவே மஞ்சள் காமாலை. ஆறு நாள் என்.ஐ.சி.யு. நீல விளக்கடியில் கண்ணைக் கட்டிப் படுக்கவைத்திருந்த பிள்ளையைப் பார்த்துக்கொண்டு நின்றபோது பணத்தைப் பற்றி எனக்கு ஒரு நினைப்பும் இல்லை.

41-ஆவது நாள் தபாலில் கவர் வந்தது. அதில் என் பேத்தியின் பெயர்கூட இல்லை. 'பேபி கேர்ள்', பின்னால் மகளின் பெயர். ஆஸ்பத்திரியில் பெயர் வைத்திருக்கவில்லை அல்லவா, அதனால். தாயின் செலவுக்கு இன்சூரன்ஸ் திட்டம் தன் பங்கைக் கட்டிவிட்டது. 'பேபி கேர்ள்' இந்தத் திட்டத்தில் தகுதியுள்ள டிபென்டென்ட் இல்லை, அதனால் 38,000 டாலருக்குமேல் எங்கள் பொறுப்பு. இவர் ஆபீஸ் ஹெச்.ஆரைக் கூப்பிட்டார். ஊழியரின் பிள்ளை என்றால் சேர்க்கலாம், ஊழியரின் பிள்ளைக்குப் பிறந்த பிள்ளையை, சட்டப்படி நீங்கள் கார்டியன் ஆனால் ஒழியச் சேர்க்க முடியாது என்றார்கள். இவர் போனை மேசையில் வைத்துவிட்டு வெகு நேரம் ஒன்றுமே பேசவில்லை.

தாய்க்கு உண்டு. குழந்தைக்கு இல்லை. இதைத்தான் வளைகாப்பில் சொன்னேன்.

"கல்யாணம் ஆன பொண்ணு எதுக்கு அப்பா இன்சூரன்ஸ்ல இருக்கணும்?" என்று ஒருவர் பின்னால் கேட்டாராம். 2010-இல் வந்த சட்டம் 26 வயது வரை பிள்ளைகளைப் பெற்றோர் திட்டத்தில் வைத்துக்கொள்ளலாம் என்கிறது. கல்யாணம் ஆனாலும், தனி வீட்டில் இருந்தாலும், வேலைக்குப் போனாலும் சரி. நாங்கள் யாரையும் ஏமாற்றவில்லை. ஆனால் அதே சட்டம் அந்தப் பிள்ளையின் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லவில்லை. பெரிய கம்பெனித் திட்டங்கள் டிபென்டென்ட் மகளின் பிரசவச் செலவையே ஏற்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கர்ப்பகாலத்துச் சாதாரணச் செக்கப் இலவசமாக நடக்கும், பிரசவம் மட்டும் வெளியே நிற்கலாம். எங்கள் திட்டத்தில் பிரசவமாவது இருந்தது. உங்கள் திட்டத்திலும் இருக்கும் என்று தயவுசெய்து நினைத்துக்கொள்ளாதீர்கள்.

அண்ணனின் 30 நாள் கணக்குக்கு வருகிறேன். அவர் பொய் சொல்லவில்லை. பல மாநிலங்களில் பிறந்த குழந்தைக்கு முதல் 30 அல்லது 31 நாள் தானாகக் கவரேஜ் கொடுக்கச் சட்டம் உண்டு. ஃப்ளோரிடாவில் டிபென்டென்ட் மகளுக்குப் பிறக்கும் குழந்தைக்கே 18 மாதம் வரை உண்டு. ஆனால் மாநிலச் சட்டம் கட்டுப்படுத்துவது இன்சூரன்ஸ் கம்பெனியிடம் வாங்கிய பாலிசியை. நம் ஆட்கள் வேலை பார்க்கிற பெரிய கம்பெனிகளில் பல, ஊழியர்களின் மருத்துவச் செலவைத் தங்கள் கைக்காசிலிருந்தே கொடுக்கின்றன. கார்டில் இருக்கிற இன்சூரன்ஸ் கம்பெனி அங்கே பில்லைப் பார்த்துப் பட்டுவாடா செய்கிற ஆள்தான். அந்தத் திட்டங்கள் 1974-இல் வந்த எரிசா என்கிற மத்திய அரசுச் சட்டத்தின் கீழ் வருபவை. மாநிலச் சட்டம் அவற்றைத் தொடாது. கார்டைப் பார்த்தால் இந்த வித்தியாசம் பெரும்பாலும் தெரியாது. ஹெச்.ஆரிடம் "இது செல்ஃப் ஃபண்டட் திட்டமா?" என்று கேட்டால்தான் தெரியும். அண்ணன் கேட்டிருக்கிறாரா?

ஆஸ்பத்திரியில் சொல்லிவிடுவார்கள் என்கிறவர்களுக்கு: எங்களுக்குச் சொல்லவில்லை. அவ்வளவுதான்.

கடைசியில் சொன்னது அதே ஆஸ்பத்திரியின் பில்லிங் பிரிவில் ஓர் அம்மா. நான் போனில் அழுதுவிட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டார்: "குழந்தை பிறந்து இன்றைக்கு எத்தனையாவது நாள்?" 52 என்றேன். "அப்படியானால் இன்னும் எட்டு நாள் இருக்கிறது" என்றார். குழந்தை பிறந்த 60 நாளுக்குள் மாநில இன்சூரன்ஸ் சந்தையில், அதாவது நாமே பாலிசி வாங்கிக்கொள்ள மாநில அரசு நடத்துகிற இடத்தில், சேர்த்தால் பிறந்த தேதியிலிருந்தே கவரேஜ் செல்லும். வருமானத்தைப் பொறுத்து என்.ஜே. ஃபேமிலிகேரும் (வருமானம் குறைந்தவர்களுக்கான மெடிக்கெய்ட் என்ற அரசுத் திட்டம் எங்கள் மாநிலத்தில் இந்தப் பெயரில்தான் வருகிறது) கிடைக்கலாம், அதற்குக் கெடு கிடையாது. 56-ஆவது நாள் ராத்திரி என் மகள் மடியில் பிள்ளையைப் போட்டுக்கொண்டு ஒரு கையால் விண்ணப்பத்தை நிரப்பினாள். பிறந்த தேதியிலிருந்து பிரீமியம் கட்டினோம், இன்சூரன்ஸ் கொடுக்கத் தொடங்கும் முன் நம் கையிலிருந்து கட்ட வேண்டிய டிடக்டிபிளும் கட்டினோம், மீதி பில் தீர்ந்தது. அந்த ஒரு போன் பத்து நாள் தள்ளிப் போயிருந்தால்?

"நமக்கு எதுக்கு ஃபேமிலிகேர் எல்லாம்" என்று முகம் சுளிக்கிறவர்களும் இருக்கிறார்கள். மெடிக்கெய்டில் இருக்கும் தாய்க்குக் குழந்தை பிறந்தால் அந்தக் குழந்தைக்கு ஒரு வயது வரை தானாகவே கவரேஜ் உண்டு, தெரியுமா? நீங்கள் முகம் சுளிக்கிற அந்தத் திட்டத்தில் தாயையும் பிள்ளையையும் பிரித்துப் பார்ப்பதில்லை. மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக்கொள்கிற எங்கள் திட்டத்தில்தான் என் பேத்தி யாரோ ஒரு 'பேபி கேர்ள்'.

வளைகாப்பில் நான் பேசிய நேரம் சரியில்லை என்கிறார்கள். இருக்கலாம். தனியாகக் கூட்டிப் போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் இந்த ஊரில் பத்து வருடமாக ஒவ்வொரு வீட்டு விசேஷத்துக்கும் புளியோதரை கிண்டி எடுத்துக்கொண்டு வருகிறவள் நான். ஒரு பிள்ளைத்தாச்சிக்குக் கெடுதல் வரட்டும் என்று வாய் திறப்பேனா? 'அபசகுனம்' என்ற அந்தச் சொல்லைச் சொன்னபோது சுற்றி இருந்த ஒருவர்கூட "அவங்க நல்லதுக்குத்தானே சொல்றாங்க" என்று சொல்லவில்லை. எல்லோரும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். என் மகள் பட்டபாடு தெரிந்தவர்களும் அதில் இருந்தீர்கள். எனக்கு ஆறாதது அதுதான்.

நேற்று இரவு அந்தப் பெண் மெசேஜ் அனுப்பினாள். "ஆன்ட்டி, அப்பா ஹெச்.ஆருக்கு மெயில் போட்டாங்க. பதில் வந்திருச்சு. எனக்கு டெலிவரி கவர் ஆகுமாம், பாப்பாவுக்குக் கிடையாதாம். இவர் ஆபீஸ்ல பொறந்த 30 நாளுக்குள்ள சேர்க்கணுமாம். சோஷியல் செக்யூரிட்டி நம்பர் வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம், அப்புறம் கொடுத்தாப் போதும்னு சொல்லிட்டாங்க. ஃபாரத்தைப் பிரிண்ட் எடுத்து ஆஸ்பத்திரிப் பைல வச்சுட்டேன்."