'நிறுவு' பட்டன் முதலில் உண்மையைச் சொல்லட்டும்

லினக்ஸ் இயங்குதளத்தைப் பற்றி நான் எழுதினால் பாராட்டித்தான் எழுதுவேன் என்று இங்கே பலருக்குத் தெரியும். இன்றைக்கு எழுதுவது கோபத்தில். பை படம் போட்டு டெஸ்க்டாப்பில் உட்கார்ந்திருக்கிறதே மென்பொருள் கடை, அதைப் பற்றி.

ஏன் இப்போது என்றால், 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் குறையக் கூடாது. நீலகிரி மாவட்டத்தில் பந்தலூர், சேரம்பாடி, தேவாலா பக்கம் எங்கள் கைக்கு வந்துசேரும் கம்ப்யூட்டர்கள் எல்லாம் கோயம்புத்தூர் ஆபீஸ்களில் கழித்துவிட்டவை. நாலாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம். விண்டோஸ் 11 ஏறாது. லினக்ஸ் ஏறும், நன்றாகவும் ஓடும். தேயிலை எஸ்டேட் லைன் பிள்ளைகள் சாயங்காலம் வந்து படிக்கிற மையத்தில் அப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. நாடு முழுக்க இன்னும் எத்தனையோ பேர் இதே காரணத்துக்காக லினக்ஸ் பக்கம் வருவார்கள். அவர்கள் முதலில் தொடப்போவது அந்தக் கடையைத்தான். கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் திரையான டெர்மினலை இல்லை.

பந்தலூரில் எங்களுக்கு நெட் என்றால் என் போன் ஹாட்ஸ்பாட்தான். ஒரு நாளைக்கு 1.5 ஜிபி. மழைக்காலத்தில் டவர் வருவதும் போவதுமாக இருக்கும். இங்கே ஜூன் முதல் செப்டம்பர் வரை வானத்தில் ஒரு நட்சத்திரம் தெரியாது. ப்ளஸ் ஒன் படிக்கும் பெண் ஒருத்திக்கு ஸ்டெல்லேரியம் என்ற செயலியில் வானம் பார்க்க ஆசை. கடையைத் திறந்தாள், தேடினாள், 'நிறுவு' அழுத்தினாள். ஒரு சின்னப் பட்டை நகர ஆரம்பித்தது. கால்வாசி போய் நின்றது. திரும்பத் தொடக்கத்துக்கு வந்தது. மறுபடி நகர்ந்தது.

"அண்ணா, இது ஓடுதா, நின்னுடுச்சா?"

இத்தனை வருடப் பழக்கத்தில் எனக்கே பதில் தெரியவில்லை, ஏனென்றால் திரையில் பதில் இல்லை. எத்தனை எம்பி வந்தது, இன்னும் எத்தனை, வேகம் என்ன, ஒன்றும் இல்லை. நடந்தது இதுதான்: கடை தானாகத் தேர்ந்தெடுத்தது ஃப்ளாட்பேக், அதாவது எந்த லினக்ஸிலும் ஓடும்படி செயலியைக் கட்டித் தரும் வடிவம். அந்தச் செயலி ஓடுவதற்குக் கேடிஇ ரன்டைம் என்ற பொது நிரல் தொகுப்பு வேண்டும். அந்தக் கம்ப்யூட்டரில் அது கிடையாது. ஆகவே செயலிக்குக் கூடவே பல நூறு எம்பி ரன்டைமும் இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தின் கீழே வரை இறங்கித் தேடினால் ஓர் அளவு போட்டிருந்தது, பட்டனுக்குப் பக்கத்தில் இல்லை. இன்றைய டேட்டாவில் பாதி தீர்ந்தது என்று என் போனுக்கு எஸ்எம்எஸ் வந்த பிறகுதான் எங்களுக்குக் கணக்கே புரிந்தது. நிறுத்திவைத்துவிட்டு மறுநாள் தொடரலாம் என்று பார்த்தால், 'ரத்து' மட்டும் இருந்தது. 'இடைநிறுத்து' இல்லை.

பச்சைக் கொழுந்து நிறுக்கும்போது தராசைக் கண்ணால் பார்த்த பிறகுதான் எங்கள் ஊர்ப் பெண்கள் கூடையை எடுப்பார்கள். டவுன்லோட் அளவையும் அப்படித்தான் நான் கேட்கிறேன். கையை வைக்கும் முன்னால் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

இது செய்ய முடியாத காரியமும் இல்லை. டெபியன் என்ற லினக்ஸ் வகையைச் செய்பவர்கள் 1998-இல் மென்பொருள் நிறுவும் ஆப்ட் கருவியைக் கொண்டுவந்தார்கள். இன்றைக்கும் டெர்மினலில் 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால்' என்று அடித்தால் இன்னின்ன பொதிகள் (மென்பொருள் கட்டுகள்) வரப்போகின்றன, இத்தனை எம்பி இறக்க வேண்டும், வட்டில் இத்தனை இடம் பிடிக்கும் என்று சொல்கிறது, கூடவே வேறு பொதிகளும் வருமென்றால் தொடரலாமா என்றும் கேட்கிறது. ஒரு படமும் இல்லை, நட்சத்திர மதிப்பீடும் இல்லை, ஆனால் முழு விவரமும் முன்கூட்டியே கையில் இருக்கிறது. ஆப்டை டெர்மினல் இல்லாமல் ஜன்னலில் இயக்கும் சினாப்டிக்கும் அப்படித்தான். பார்க்கப் பழசாக இருக்கும். வேண்டியதைக் குறித்துவிட்டு 'அப்ளை' அழுத்தினால் முழுப் பட்டியலையும் காட்டி அளவையும் சொல்லிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும். கீழே இருக்கும் கருவிக்குத் தெரிந்த விவரத்தை மேலே இருக்கும் கடை மறைக்கிறது. எளிமை என்ற பெயரில் நடக்கும் இந்த மறைப்பைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

அடுத்தது கரண்ட். தென்மேற்குப் பருவமழையில் மரக்கிளை லைன் மேல் விழுவது இங்கே வாடிக்கை. மையத்தில் எல்லாக் கம்ப்யூட்டருக்கும் யூபிஎஸ் வாங்க வசதி இல்லை. ஒருநாள் கடை வழியாக ஏதோ நிறுவிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது. வந்த பிறகு கம்ப்யூட்டர் எழுந்தது, எல்லாம் சரியாகவே தெரிந்தது. ஆனால் கடையில் எந்தச் செயலியை அழுத்தினாலும் பட்டன் ஒரு நொடி சுற்றிவிட்டு மறுபடி 'நிறுவு' என்றே வந்து நின்றது. பிழைச் செய்தியே இல்லை. பிள்ளைகள் அதை அழுத்திக்கொண்டே இருந்தார்கள்.

நான் டெர்மினலைத் திறந்து பார்த்தேன். விஷயம் சின்னது. பொதிகளை நிறுவும் அடிப்படைக் கருவியான டிபிகேஜி பாதியில் நின்றுவிட்டது, 'சூடோ டிபிகேஜி கான்ஃபிகர்' கட்டளையைக் கொடு என்று அதுவே வழியும் சொல்கிறது. கொடுத்தேன். பிறகு 'ஆப்ட் ஃபிக்ஸ் புரோக்கன்' ஒருமுறை. தீர்ந்தது. கணினி தன் நோயையும் மருந்தையும் சேர்த்தே சொல்லியிருக்கிறது, கடை அதை விழுங்கிவிட்டது. சினாப்டிக் மெனுவில் உடைந்த பொதிகளைச் சரிசெய்ய ஓர் இடம் எப்போதோ வைத்துவிட்டார்கள். இன்றைய கடைகளில் 'முந்தைய நிறுவல் பாதியில் நின்றுவிட்டது, சரிசெய்யட்டுமா?' என்று கேட்டு ஒரு பட்டன் வைக்க என்ன தடை? நான் மையத்தில் இல்லாத நாளில் அந்தப் பிள்ளைகள் கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சு என்று சொல்லி மூடிவைத்துவிடுவார்கள். பல இடங்களில் அதுதான் நடக்கிறது.

இதைச் சொன்னதும் 'டெர்மினலுக்குப் போய்க்கொள்ள வேண்டியதுதானே' என்பார்கள். நானும் டெர்மினல் ஆள்தான், எனக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் 2021 நவம்பரில் லைனஸ் செபாஸ்டியன் என்ற யூடியூபருக்கு நடந்ததை நினைத்துப் பாருங்கள். பாப் ஓஎஸ் என்ற லினக்ஸ் வகையின் கடையில் ஸ்டீம் என்ற கேம் செயலியை நிறுவப் போனார், பிழை வந்தது. எல்லோரும் சொல்கிறபடி டெர்மினலுக்குப் போனார். பொதியில் இருந்த ஒரு கோளாறால் டெஸ்க்டாப்பையே நீக்கப்போகிறேன் என்று ஆப்ட் எச்சரித்தது. நீளமான அந்தப் பட்டியலின் பொருள் அவருக்குப் பிடிபடவில்லை, சம்மதம் அடித்தார், டெஸ்க்டாப் போய்விட்டது. அவரைக் கேலி செய்தவர்கள் நிறைய. கடை ஒழுங்காக வேலை செய்திருந்தால் அவர் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டார்.

இதற்கு நடுவில் கடையையே மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். உபுண்டு என்ற லினக்ஸ் வகையை எடுத்துக்கொள்ளுங்கள். 2009-இல் 9.10 பதிப்பில் சாஃப்ட்வேர் சென்டர் வந்தது. 2016-இல் 16.04-இல் அதைத் தூக்கிவிட்டு நோம் சாஃப்ட்வேர். வந்த புதிதில், வெளியிலிருந்து இறக்கிய டெப் கோப்பை (டெபியன், உபுண்டு வகைகளின் நிறுவல் கோப்பு) அதில் நிறுவ முடியவில்லை. 2020-இல் ஸ்னாப் ஸ்டோர். ஸ்னாப் என்பது ஃப்ளாட்பேக் போல உபுண்டுவின் சொந்த வடிவம். அந்தக் கடை தானே ஒரு ஸ்னாப் என்பதால், தான் ஓடிக்கொண்டிருக்கும்போது தன்னைப் புதுப்பித்துக்கொள்ள முடியாமல் தவித்தது. 2023-இல் 23.10-இல் புதிதாக எழுதிய ஆப் சென்டர். மறுபடியும் டெப் கோப்பு நிறுவும் வசதி இல்லை, நீண்டகால ஆதரவுப் பதிப்பான 24.04 வெளியான அன்றும் இல்லை. ஏழு வருடத்துக்கு முன்னால் விழுந்த அதே குழியில் இன்னொரு தடவை. ஒரு பெரியவருக்கு இந்த ஐகான், இந்த இடம் என்று பழக்கிவைத்தால் அடுத்த பதிப்பில் அந்த ஐகான் இருக்காது.

மூன்று வடிவங்களின் குழப்பம் வேறு. ஒரே செயலி டெப், ஸ்னாப், ஃப்ளாட்பேக் என்று மூன்றாக வரும், பதிப்பு எண் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. பல ஸ்னாப் செயலிகளுக்குப் பென் டிரைவைத் திறக்கும் அனுமதி தானாகக் கிடைப்பதில்லை. பாதுகாப்புக்காகத்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பள்ளியிலிருந்து பாடத்தைப் பென் டிரைவில் கொண்டுவரும் பிள்ளைக்கு அது காலியாகத் தெரிந்தால் என்ன நினைக்கும்? அனுமதி இல்லை என்று ஒரு வரி சொன்னால் போதுமே. யார் தொகுத்த செயலி என்பதையும் பளிச்சென்று காட்ட வேண்டும். 2018-இல் ஸ்னாப் செயலிகளின் இணையத் தொகுப்பில் ஒரு சாதாரண விளையாட்டுக்குள் கிரிப்டோ நாணயம் தோண்டும் நிரலை ஒளித்து வைத்திருந்ததைக் கண்டுபிடித்தார்கள். இந்த விஷயத்தில் லினக்ஸ் மின்ட் என்ற இன்னொரு லினக்ஸ் வகை செய்தது சரி. 2024-இல் வந்த 22-ஆம் பதிப்பிலிருந்து, யார் வெளியிட்டது என்று சரிபார்க்கப்படாத ஃப்ளாட்பேக்குகளை நாமாகக் கேட்டால் ஒழியக் காட்டுவதில்லை.

சும்மா கொடுக்கிறார்கள், குறை சொல்லலாமா என்ற கேள்வி எப்போதும் வரும். சம்பளமில்லாமல் உழைப்பவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. அதனால்தான் திட்டிவிட்டுப் போகாமல் வழு அறிக்கை எழுதுகிறேன்.

எல்லைக்கு அந்தப் பக்கம் சுல்தான் பத்தேரியில் பாருங்கள். கேரள அரசுப் பள்ளிகளுக்கென்றே அந்த அரசின் கல்வித் தொழில்நுட்ப நிறுவனமான கைட் உபுண்டுவை அடிப்படையாக வைத்து ஒரு லினக்ஸ் தருகிறது. பாடத்துக்கு வேண்டிய மென்பொருள் அதிலேயே இருக்கிறது. ஆசிரியர் கடைப் பக்கம் போக வேண்டிய தேவையே குறைகிறது. நம் பக்கம் விலையில்லா மடிக்கணினியில் பாஸ் லினக்ஸ் (BOSS, இந்திய அரசின் சி-டாக் உருவாக்கியது) வந்தது. தொடர்ந்து பிடித்திருந்தால் இன்று நமக்கும் அப்படி ஒன்று இருந்திருக்கும்.

இப்போதைக்கு எங்கள் மையத்தில் கடை ஐகானை எடுத்துவிட்டுச் சினாப்டிக்கை வைத்திருக்கிறேன். ஒரு கம்ப்யூட்டரில் ஆப்ட் கேச்சர் என்ஜி ஓடுகிறது. ஒரு பொதி ஒருமுறை இறங்கினால் மற்றக் கம்ப்யூட்டர்கள் அதிலிருந்தே எடுத்துக்கொள்ளும், டேட்டா மிச்சம். ஃப்ளாட்பேக்குக்குத்தான் வழி வேண்டும். செயலியைப் பென் டிரைவில் எழுதி வேறு கம்ப்யூட்டரில் போட 'கிரியேட் யூஎஸ்பி' என்று ஒரு கட்டளை அதில் இருக்கிறது. எங்கள் கைக்கு வந்த கடைகளில் அதற்கும் பட்டன் இல்லை. அதை ரன்டைமோடு சேர்த்து நெட் இல்லாத இடத்தில் செய்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால், படிப்படியாகக் கமெண்டில் எழுதுங்கள். அடுத்த மழைக்கு முன்னால் இன்னும் சில கம்ப்யூட்டர்கள் வருகின்றன.