சாமியார் காய் நறுக்கமாட்டாரா?

"நம்ம ரமணரை வெள்ளைக்காரன் நாவல்ல வச்சிருக்கான்" என்று போன வாரம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு ஃபார்வர்டு. ஆங்கில எழுத்தாளர் சோமர்செட் மாம் எழுதிய ‘தி ரேசர்ஸ் எட்ஜ்’. கல்லூரிக் காலத்தில் எனக்கும் அதில் பெருமைதான், மறைப்பானேன். அந்த ஃபார்வர்டைப் பார்த்துவிட்டு மறுபடி எடுத்துப் படித்தேன். பெருமை வடிந்துவிட்டது.

மாம் ஊர் ஊராகச் சுற்றிப் பயண நூல்கள் எழுதியவர். 1938இல் திருவண்ணாமலைக்கு வந்து ரமணரைப் பார்த்தார். நாவல் 1944இல் வெளியானது. முதல் உலகப்போரில் நண்பனைப் பறிகொடுத்த லாரி என்ற அமெரிக்கப் பையன், எங்கெங்கோ அலைந்து கடைசியில் இந்தியாவில் ஸ்ரீ கணேசா என்ற குருவிடம் (நம்ம ரமணரை வைத்து எழுதிய பாத்திரம்) வந்து சேர்கிறான். ஞானம் கிடைக்கிறது, கிளம்பிப் போய்விடுகிறான். அந்தக் கதையை அவன் சொல்லும் அத்தியாயத்தின் தொடக்கத்தில் மாமே வந்து, இதைத் தாண்டிப் போனாலும் கதை புரியும் என்கிறார்! (இது இல்லாவிட்டால் புத்தகமே எழுதியிருக்கமாட்டேன் என்றும் சேர்த்துக்கொள்கிறார். சாமர்த்தியம்.)

திருவண்ணாமலை ஆசிரமம் நாவலில் திருவிதாங்கூருக்குப் போனது. 1984இல் வந்த படத்தில் அதுவும் போய், இமயமலையில் புத்த மடம், சுற்றிலும் பனி. எங்கள் ஊர் வெயிலில் காய்ந்த மனுஷன் பாவம், எங்கே போய் நிற்கிறார் பாருங்கள்.

எனக்கு உறுத்துவது குருவை மாம் இழிவாகக் காட்டினார் என்பதல்ல. மரியாதையாகத்தான் காட்டுகிறார். ஆனால் அந்தக் குருவுக்கு லாரியைத் தவிர வேறு ஜோலியே இல்லை. நிஜ ரமணர் விடியுமுன் சமையலறையில் உட்கார்ந்து காய் நறுக்கியவர், சட்னி அரைத்தவர். தமிழில் வெண்பா எழுதியவர். வீட்டைவிட்டு ஓடிவந்த பிள்ளையைத் தேடி அம்மா அழகம்மாள் வந்து, மகனோடேயே தங்கி, அங்கே அடுப்பு மூட்டினார். 1922இல் அந்த அம்மா இறந்தபின் அவர் சமாதியைச் சுற்றித்தான் இன்றைய ஆசிரமமே எழுந்தது. லட்சுமி என்று ஒரு பசு. ஆசிரமம் யாருக்குச் சொந்தம் என்று கோர்ட்டில் வழக்குகூட நடந்தது! துறவிக்குப் பின்னால் அம்மா, அடுப்பு, வக்கீல். நாவலுக்கு இதைவிட என்ன வேண்டும்? இதெல்லாம் உள்ளே வந்தால் லாரிக்கு இடம் இருக்காதே.

வெளிநாட்டுக்காரர் நம்மைப் பற்றி எழுதவே கூடாது என்று சொல்லவரவில்லை. இதே மாம் 1958இல் ரமணரைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அதில் ஊர், பேர், வாழ்ந்த கதை எல்லாம் உண்டு. ஆசிரமத்தில் தான் மயங்கி விழுந்ததையும், படுத்திருந்த இடத்துக்கே ரமணர் வந்து பேசாமல் உட்கார்ந்திருந்ததையும் அதில்தான் எழுதுகிறார். அந்த மனிதரைத்தான் நாவலில் தேடினேன்.

அந்த மயக்கத்தை என்ன செய்தோம் தெரியுமா? நம் ஆட்களே சமாதி நிலை என்று ஆக்கிவிட்டார்கள். மகரிஷியின் அருளால் பரத்தில் கலந்துவந்தவர் என்று பிற்பாடு மாமைப் பார்க்கப் போனவர்களும் உண்டாம். மாம் மயக்கம் என்றுதான் எழுதினார்.

நேற்று குழுவில் இதைப் போட்டேன். சித்தப்பாவிடமிருந்து கும்பிடு எமோஜி மூன்று, கூடவே "இருந்தாலும் சமாதிதான்".